ரிலீவர் வந்த பிறகு

நான் மீன் குழம்பு வைத்தால் எங்கள் பிளாக்கே மோப்பம் பிடிக்கும். அதைச் சாப்பிட்டுத்தான் என் வீட்டுக்காரர் தைரியநாதன் இறந்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். குழம்பில் ஒரு குறையும் இல்லை.

அவர் சுரங்கத்தில் பெர்மனன்ட். மே முப்பத்தொன்றில் ரிட்டயர்மென்ட். எங்கள் ஒரே பிள்ளை சைமன்ராஜுக்கு முப்பது வயதாகியும் ஒசூரில் கான்ட்ராக்ட் வேலைதான். சர்வீஸில் இருக்கும்போதே அப்பா போய்விட்டால் பிள்ளைக்கு வேலை, குவார்ட்டர்ஸும் கையை விட்டுப் போகாது என்று மந்தாரக்குப்பம் மளிகைக் கடையில் பேசிக்கொண்டார்கள். நான் புளி வாங்கப் போனவள், காதில் விழுந்தது.

ஜனவரியில் அவருக்கு மலம் கறுப்பாகப் போனது. முட்டிவலிக்கு விழுங்கிய மாத்திரைதான் காரணம். டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

"இது வயித்துக்குப் போற ரத்தத்தக் குறைச்சிடும்மா. ரத்தம் போகாத எடம் புண்ணாகும். அந்தப் புண்ணுலேர்ந்து ரத்தம் கசியும். இனிமே ஒண்ணுகூடக் குடுக்காதீங்க."

ரத்தம் போகாததால் ரத்தம் வருமாம். பஸ்ஸில் அதை நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பு.

"இன்னாத்துக்கு லூசி சிரிச்சிகினு வர?" என்றார்.

"உங்களுக்கு நல்லாயிடும்னாரே, அதுக்குதான்" என்றேன்.

மிச்சமிருந்த மாத்திரைகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பொடித்துக் குழம்பில் போட்டேன். தீர்ந்ததும் மறுபடி வாங்கினேன். அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார்.

ஆள் வெளுத்துப்போனார். ஆனால் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஷிப்ட் முடிந்தாலும், அடுத்த ஆள் வந்து நிற்காமல் மெஷினை விட்டு இறங்காத மனுஷன். "ரிலீவர் வராம எப்பிடி வர்றது?" என்பார். இதனாலேயே முப்பத்தாறு வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுவதை நாங்கள் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

சர்வீஸின் கடைசி நாள், மே முப்பத்தொன்று, காலை ஷிப்டில் ரத்த வாந்தி எடுத்தார். அப்போதும் ரிலீவர் வரும்வரை உட்கார்ந்திருந்தாராம். தூக்கிவந்த, கூட வேலை செய்கிற கருப்பசாமி சொல்லி அழுதார். ஆஸ்பத்திரியில் பேச்சில்லை. நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குள் போயிருக்கலாம். போகவில்லை.

ஜூன் ஒன்று காலை, சைமன்ராஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து அவர் கையைப் பிடித்தான். அப்பாவும் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பிறகுதான் மூச்சை விட்டார்.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். ஐந்து மாதம் என் பங்கை ஒழுங்காகத்தான் செய்தேன். அவர்தான் ஒரு நாள் தாமதம். பெற்ற பிள்ளைமேல் அக்கறை இருக்கிற தகப்பன் செய்கிற வேலையா இது?