கிங்காவின் கைகள்

ஹங்கேரியில் மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் செகெதில் மீன் சூப் வைக்கும்போது நாங்கள் கரண்டி போட்டுக் கிளறமாட்டோம். சட்டியின் இரு காதுகளையும் பிடித்து லேசாக ஆட்டுவோம். கிளறினால் மீன் உடைந்துவிடும். என் மனைவி கிங்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதனால் சமையல் என்னுடையது. நான் அவளைக் கொடுமைப்படுத்தினேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் குரல் உயர்த்தியதில்லை.

இருவருக்கும் ஒரே ஆய்வு நிறுவனம், ஒரே நொதி. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உரமாக்குகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதியின் மரபணுக்கள் என் பாடு. அதன் உருவம் அவள் பாடு. பாக்டீரியாவை நான் குழாயில் போட்டுக் கொடுப்பேன். அவள் வளர்த்து, நொதியைப் பிரித்தெடுத்து, படிகமாக்கப் பார்ப்பாள். நல்ல படிகம் கிடைத்தால் எக்ஸ் கதிரைச் செலுத்தி, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அதுவரை ஒருவரும் கண்டதில்லை.

காற்றை நம்பி வாழும் அந்த நொதி, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டால் செத்துவிடும். அதனால் ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், ரப்பர் கையுறைகளில் கையை நுழைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். பலபேர் தோற்ற இடத்தில் கிங்காவின் கைகள் ஜெயித்தன. எண்பத்தைந்தாம் வருட இலையுதிர் காலத்தில் முதல் படிகம் வந்தது. பழுப்பு நிறம், எள்ளைவிடச் சிறியது.

"வெந்தல், மூச்சுகூட விடாத. இங்க வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன், மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வந்து ஆராய்ச்சி செய்யும்படி அவளுக்கு அழைப்பு வந்தது. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து நம் அரசு மேற்கு நாடுகளுக்கு அனுப்புவதில்லை, உங்களுக்கே தெரியும். ஒருவர் பிணைபோல இங்கே இருக்க வேண்டும். போய்த் திரும்பாதவர்களின் கணவர்கள் இருவரை நான் அறிவேன். கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"ரெண்டே வருஷம். நீ சமைச்சு நீயே தின்னு குண்டாயிடாத. வந்துடுவேன்" என்றாள் கிங்கா.

"தாராளமா போயிட்டு வா" என்றேன்.

போவதற்கு முன் அவள் இன்னும் பெரிய படிகங்களை வளர்க்க வேண்டியிருந்தது. அதற்கு என்னிடம் புதுக் குழாய் கேட்டாள்.

இந்த நொதியின் நெஞ்சில் இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதைக் கட்டத் தொடங்கிவைப்பது ஒரே ஒரு மரபணு. அதை வெட்டி எடுத்துவிட்டாலும் பாக்டீரியா நொதியைச் செய்யும். அளவு, எடை எல்லாம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நெஞ்சு மட்டும் காலி. என் சொந்த ஆராய்ச்சிக்காக அப்படி ஒன்றை முன்பே உண்டாக்கி வைத்திருந்தேன். அவளுக்கு அதைக் கொடுத்தேன். சிறிய காரியம்தான். ஒரு பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நொதி வேலை செய்யவில்லை. படிகம் வரவில்லை. எங்கோ காற்று புகுந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள், அவளும்தான். பெட்டியின் ரப்பர் வளையங்களை மாற்றினாள், வாயுவை மாற்றினாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எங்கள் தலைவர் லோராந்த் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "என்ன கிங்கா, பெட்டிக்கு ஜன்னல் வெச்சிருக்கியா? நல்லா காத்து வருதா?" மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"கோவிச்சுக்காத. நீ குடுத்த குழாய் சரியானதுதானா? ஒரு தடவ பாத்துடேன்."

நைட்ரஜன் உப்பு எதுவும் கலக்காத வளர்ப்புத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பினால் தெரிந்துவிடும். நல்லது காற்றைத் தின்று வளரும், கெட்டது பட்டினி கிடக்கும். நான் நல்ல பாக்டீரியாவைப் பரப்பி, சில நாள் கழித்து எடுத்துக் காட்டினேன். தட்டு முழுக்க வளர்ந்திருந்தது.

"உன்னப் போய் சந்தேகப்பட்டேன் பாரு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஹாம்பர்க்கில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் நல்ல குழாயைத் திருப்பி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்திருந்தால் அவள் காரணத்தைத் தேடியிருப்பாள். கிங்கா காரணம் தெரியாமல் எதையும் விடுபவள் அல்ல.

முதல் படிகமே பொய் என்று பேச்சு கிளம்பியது. சென்ற குளிர்காலக் கூட்டத்தில் அவளே எழுந்து நின்றாள். "அது உப்புப் படிகமா இருந்திருக்கும். எனக்கு இப்ப என் மேலயே நம்பிக்கை இல்ல. மன்னிச்சிடுங்க" என்றாள். அது உப்பு அல்ல. அந்த அறையில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், மதியம் சாப்பிட்டு முடித்தபின் அவள் கைகளை மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"நீ எனக்குப் பொய் சொல்லமாட்ட. எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கைதானா?"

மேஜைவிரிப்பில் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒதுக்கிக்கொண்டே சொன்னேன்: "ஆமா கிங்கா. உன் கைதான். விட்டுடு."

"நீ ஒருத்தனாவது நேரா சொன்னியே" என்றாள்.

மறுநாள் காலை அவளைத் திசா ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

மீதியை யுதித் உங்களிடம் சொல்லியிருப்பாள். கிங்காவின் தோழி அவள், எங்கள் நிறுவனத்திலேயே வேலை. அடக்கம் முடிந்து ஆய்வகத்தில் கிங்காவின் உறைபனிப் பெட்டியைக் காலி செய்தபோது, தூக்கி எறிய மனமில்லாமல், அந்தக் குழாயிலிருந்ததை நைட்ரஜன் கலக்காத தட்டில் பரப்பியிருக்கிறாள். ஒன்றும் வளரவில்லை. எந்த மரபணு காணாமல்போனது என்று கண்டுபிடித்து, அதைத் திரும்பச் சேர்த்தாள். வளர்ந்தது. சுத்தமான சோதனை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கிங்காவின் முறையிலேயே, ஒரு படியும் மாற்றாமல், நொதியைப் பிரித்தெடுத்தாள். படிகம் வந்தது. பழுப்பு நிறம். எனக்குக் காட்டினாள். பிறகு நேராக உங்களிடம் வந்தாள்.

குழாயை மாற்றியது நான். தட்டை மாற்றியது நான். உன் கைதான் என்று சொன்னவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: ஊரே அவளைக் கைவிட்ட அந்தக் காலத்தில், அவள் சாய்ந்து அழுவதற்கு ஒரு தோளாவது இருந்தது.