ஒரு வரியும் தொலையவில்லை

எங்கள் டெலானிபூர் அலுவலகத்தில் சர்வர் அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டேன், மேடம். தூசி எனக்கு ஆகாது. நேற்று உங்கள் கான்ஸ்டபிள் பூட்ஸோடு நுழைந்தபோது வயிறு எரிந்தது.

மீனவர்களுக்கான செயலி எங்களுடையது. காற்று பலமாகும் என்றால் அவர்கள் கைபேசி அலறும். மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வந்து பேசிக்கொண்டிருக்கையில் அது அலறித் தொலைத்தது. புரோகிராமில் ஒரு வரியை மாற்றி அதன் வாயை அடைத்தேன். பிறகு பிரியாணி வந்தது. மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள், இரண்டாவது சனிக்கிழமை, விடுமுறை. ஜங்லிகாட்டிலிருந்து செபஸ்தியான் போன் செய்தார். என்னிடம் புரோகிராம் எழுதும் ஆக்சிலியாவின் அப்பா.

"நந்து பாய், போன் ஒண்ணும் கத்தலியே. டீக் ஹே தானே? போட்ட எடுக்கட்டா?"

அப்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. ஆனால் விடுமுறையில் திருத்தினால், எதற்கு அவசரம் என்று கேட்பார்கள். யார், என்றைக்கு, எந்த வரியை மாற்றினார் என்று, புரோகிராம்களைச் சேர்த்துவைக்கும் ரெப்போவில் பெயரோடு பதிவாகும். திங்கட்கிழமை செய்தால் வழக்கமான வேலைபோல இருக்கும். தட்டில் இட்லி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

"டீக் ஹே, போங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. படகின் பலகை ஒன்று மட்டும் கரை ஒதுங்கியது. விசாரணைக் குழு போட்டார்கள்.

இந்தத் தீவில் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் வெளி நிறுவனத்தில் வைத்திருந்த ரெப்போக்களை எங்கள் சொந்த சர்வருக்கு மாற்றுவதென்று முன்பே முடிவாகியிருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. மாற்றும்போது பழைய பதிவுகளில் பெயரையும் திருத்தலாம். அந்த ஒரு வரிக்கு நேராக என் பெயரை எடுத்துவிட்டு ஆக்சிலியா என்று போட்டேன். பழைய இடத்தைத் துடைத்துவிட்டேன்.

ஏன் அவள் பெயர் என்கிறீர்கள். நன்றாக யோசித்துத்தான் போட்டேன். வேறு யார் பெயரைப் போட்டாலும் இன்னொரு குடும்பம் நாசமாகும். சொந்த மகள் என்றால் ஜெயிலுக்கு அனுப்ப யாருக்கும் மனசு வராது. துக்கமும் ஒரே வீட்டோடு நிற்கும்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்குக் கப்பலில் சொந்த ஊர் போயிருந்தவள், திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

"இத நான் எழுதுன ஞாபகமே இல்லையேண்ணே" என்றாள்.

"வேலை மும்முரத்துல மறந்திருக்கும்மா" என்று தண்ணீர் கொடுத்தேன். நம்பிவிட்டாள். அவள் அம்மா செல்வம்மாள் இரண்டு மாதம் மகளிடம் பேசவில்லையாம். அது அவர்கள் வீட்டு விஷயம்.

மாட்டிக்கொண்டது என் ஒழுங்கினால்தான். கப்பலேறும் எவரும் ரெப்போவின் முழுப் பிரதியை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துப்போக வேண்டும்; நெட் போனால் அங்கிருந்தாவது வேலை நடக்கும். அது நான் போட்ட உத்தரவு. அவளும் எடுத்துப்போயிருக்கிறாள், நான் மாற்றுவதற்கு முன்பே. அந்த டிஸ்க்கைத்தான் போன வாரம் என் மேசையில் வைத்தாள்.

"இதுல உங்க பேரு இருக்குண்ணே."

ஆமாம் மேடம். வரியை மாற்றியது நான். தெரிந்தே அவரைக் கடலுக்கு அனுப்பியதும், பழியை அவர் மகள் தலையில் போட்டதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நாற்பத்தொரு ரெப்போவை நான் ஒற்றை ஆளாக மாற்றியதில் எதுவும் தொலையவில்லை.