படுக்கச் சொல்லத் தயங்கியவள்

மனைவி மறைந்தபின் நான் தனியே ஏறும் சமயநல்லூர்ப் பேருந்தில், முன்னிருக்கையில் பல் மருத்துவரான ஓர் இளம்பெண்ணும் அவள் அண்ணனும் பேசிக்கொண்டு வந்தனர்.

“இன்னைக்குக் கழுத்து வலி தாங்காம, ஒரு பெரியவரைப் படுத்துக்கங்கன்னு சொல்லிட்டேண்ணே.”

“அதுல என்ன?”

“வயசானவங்கள எப்படிப் படுக்கச் சொல்றதுன்னு, இத்தன நாளா உக்கார வச்சே நான் குனிஞ்சு குனிஞ்சு பல்லப் பாத்தேன்ல.”

“அப்புறம் கழுத்து போச்சு, கிளினிக்க மூடப்போறேன்னு அழுக வேண்டியது! அவரு கோவிச்சாரா?”

“‘இதை முன்னாடியே சொல்லக் கூடாதா தாயி, எனக்கும் இடுப்பு வலி’ன்னுட்டு ஜம்முனு படுத்துட்டாரு.”

அண்ணன் வெடித்துச் சிரித்தார். “அப்ப கிளினிக்க மூடல?”

“மூடல.”

“எங்க, இங்கிட்டுத் திரும்பு பாப்போம்.”

அவள் மெல்லத் திரும்பினாள். கழுத்து பாதிவரை வந்து நின்றது.

“அம்புட்டுத்தானா?”

“இன்னைக்கு அம்புட்டுத்தான். மிச்சம் நாளைக்கு.”