வெளியே போன பெனால்டி

மும்பை மாஹிமில் ரயிலேறிய இரண்டு பள்ளிப் பையன்கள், சேறு காயாத கால்பந்து ஜெர்சியோடு என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"தமிழ்ல சொல்லுல, இங்க ஒருத்தனுக்கும் புரியாது," என்றான் நெட்டையன்.

"அந்தப் பெனால்டிய நான் வேணும்னுதாம்ல வெளிய அடிச்சேன்," என்றான் மற்றவன்.

"என்னது! செமி பைனல்லயா? எதுக்குல?"

"அவங்க கோல்கீப்பர்... அவன லவ் பண்ணுதேன்ல. அவன் அழுதா எனக்குத் தாங்காது."

நெட்டையன் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"பையன லவ் பண்ணுத, அது உன் இஷ்டம். எதிர் டீம்காரனயால?"

"வீட்டுல சொல்லிருவியா?"

"லூசு! கோச்சுக்குத் தெரியாமப் பாத்துக்க, கொன்னுருவாரு."

அப்போது என் அம்மா போன் செய்தாள். அவளுக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. நான் ஹிந்தியிலேயே பேசினேன்.