ஆடு தின்ற நோட்டீஸ்

ஆட்டுக்கு வெறுங்காகிதம் அவ்வளவாகப் பிடிக்காது. கஞ்சிப் பசையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு ஒட்டினால் சுவரோடு சேர்த்து நக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம் அய்யா. நான் மூன்றாவது வரைதான் படித்தேன்.

என் பெயர் மண்ணாங்கட்டி. சிரிப்பதென்றால் சிரித்துவிட்டு எழுதுங்கள். திருவண்ணாமலையில் கவர்மெண்டு கட்டட ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் பியூன். இந்த வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆபீசில் காகிதம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தவன், சும்மா கையெழுத்துப் போட மாட்டேன்.

டெண்டர் ரூல் எனக்கு அத்துப்படி. பதினைந்து நாள் முன்னால் பலகையில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பேப்பரில் விளம்பரம் வர வேண்டும். அரக்கு வைத்த உறையைப் பெட்டியில் போட வேண்டும். குறித்த நாளில் மூன்று மணிக்குப் பெட்டி திறக்கும். அதற்கு மேல் அண்ணாமலையாரே உறையோடு வந்தாலும் வாங்கக் கூடாது.

எல்லாம் ரூல்படிதான் நடந்தது. விளம்பரம் வருகிற அன்று, விடிவதற்குள் கோதண்டராமன் ஆள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் இருக்கிற பேப்பரை மொத்தமாக வாங்கிவிடுவான். கோதண்டராமன்தான் ஊரில் எல்லா கவர்மெண்டு வேலையும் எடுக்கும் கான்ட்ராக்டர். மறுநாள் கடலைக்காரர்களுக்குப் பொட்டலம் மடிக்க ஜாஸ்தியாகக் காகிதம் கிடைக்கும். போட்டி வேண்டுமே என்று அவரே மூன்று உறை போடுவார். ஒன்று அவருடையது, ஒன்று மச்சானுடையது, ஒன்று லாரி டிரைவருடையது. மூன்றும் ஒரே கையெழுத்து.

பலகை என் பொறுப்பு. பத்து மணிக்கு ஒட்டுவேன், ஒட்டியாகிவிட்டது என்று கிளார்க்கிடம் கையெழுத்துப் போடுவேன், பிறகு என் ஆட்டை அவிழ்த்து விடுவேன். ஒட்ட வேண்டும் என்றுதான் ரூல். ஆட்டைக் கட்டிப்போட வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

கோதண்டராமனிடம் நான் கை நீட்டியதில்லை. அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் பழகிய ஆள். வருவார், அவருடைய நாற்காலியில் உட்காருவார், போவார்.

எழுபத்தெட்டில் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட நோட்டீஸ் வந்தது. ஒட்டிய அரை மணி நேரத்தில் வேடியப்பன் வந்தான். கொத்து வேலைக்காரன். அந்த ஊர்க்காரன். புதிதாகக் கான்ட்ராக்டர் என்று பதிந்திருந்தான். ஆட்டின் வாயிலிருந்து பாதி நோட்டீசைப் பிடுங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"ஊர் பேரு இதுல கீது, தேதியும் கீது. மணிய உங்க ஆடு துன்னுட்ச்சிண்ணா. பொட்டி எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?"

"உனக்கு எதுக்குடா இந்த வேலை?"

"எம்பொண்ணு வள்ளி அங்கதாண்ணா ரெண்டாவது படிக்குது. கோதண்டராமன் கட்டுனா மழைக்கு நிக்குமா, சொல்லுங்க. நானே கட்டிடறேன்."

அவன் வாங்கிய விண்ணப்பப் பாரத்திலும் மணி கிடையாது. 'நோட்டீசில் கண்டபடி' என்றுதான் இருக்கும்.

பெட்டி திறக்கும்போது டெண்டர் போட்டவர்கள் ஆபீசர் எதிரே நாற்காலியில் உட்காரலாம். அதுவும் ரூல். உட்கார்ந்தவர்களுக்கு டீ வாங்கி வருவது நான். இந்த வேடியப்பன் என் வீட்டுச் சுவருக்கு மண் குழைத்தவன். என் வாசலில் குந்தி, என் பெண்டாட்டி கொடுத்த டீயைக் குடித்தவன். அவனுக்கு நான் டம்ளர் ஏந்த வேண்டுமா என்று நினைத்தேன். ரொம்ப நேரம் நினைக்கவில்லை.

"நாலு மணி," என்றேன்.

பெட்டி திறக்கிற அன்றைக்கு மூன்றரைக்கே வந்துவிட்டான். சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் அரக்கு உறை. பெட்டி திறந்து, வேலை கோதண்டராமனுக்கு என்று முடிந்திருந்தது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, இவனிடம் எத்தனை மணி என்று சொன்னாய் என்று கேட்டார். மூன்று என்றுதான் சொன்னேன் என்றேன். வேடியப்பன் என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணா பொய் சொல்ல மாட்டார் சார். நான்தான் தப்பா நெனப்புல வெச்சிக்கினேன் போல," என்றான்.

உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் எழும்பியது. கவர்மெண்டு கொடுத்த பெர்மிட் சிமெண்டு வேலூரில் விலை போனது. சுவருக்கு ஏரி மண்ணும் சிமெண்டு வாசனையும் கிடைத்தன. ஓவர்சியரோடு நானும் பார்க்கப் போனேன். சுவரை நகத்தால் கீறினேன், உதிர்ந்தது. நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். பியூனை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

எண்பதில் ஐப்பசி மழை மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது தளம் இறங்கியது. ஏழு பிள்ளைகள். வள்ளியும் அதில் ஒன்று. நாலாவது படித்தாள்.

ஆட்டை அந்த வாரமே அறுத்துவிட்டேன். தப்பு செய்தது அது, தண்டனை கொடுத்தாகிவிட்டது. நான் ஒரே ஒரு பொய் சொன்னேன், அதுவும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நாலு மணி என்று சொன்னது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

வள்ளியின் காரியத்துக்குப் போயிருந்தேன். ஆபீசிலிருந்து போனது நான் ஒருவன்தான், அதையும் எழுதுங்கள். வேடியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மணிய மட்டும் நான் சரியா நெனப்புல வெச்சிருந்தா எம்பொண்ணு இருந்திருக்கும்ண்ணா," என்றான். மணியை மறந்துவிட்டேன் என்று இரண்டு வருஷமாகவே புலம்புகிறான், இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது என்று அவன் பெண்டாட்டி அழுதாள். அழாதே, யாருக்கும் மறதி வருவதுதான் என்று ஆறுதல் சொன்னேன்.

பிறகு எனக்கு நாற்காலி போட்டு, வேடியப்பனே டீ கொண்டுவந்து கொடுத்தான். உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டேன். சர்க்கரை கம்மி. துக்க வீட்டில் குறை சொல்கிற மனுஷன் நான் இல்லை.