கடல் தாண்டாத வீடு

அதான் சொன்னேனே அண்ணா, ஸ்ரீகர் தீர்த்தமாடக் குளத்துக்குப் போயிருக்கான், வந்துடுவான். நீங்க சந்நிதி சாவிய இப்படிக் கையிலயே பிடிச்சுண்டு நாற்காலி நுனியில உக்காந்தா எப்படி? நன்னா சாஞ்சு உக்காருங்கோ. பங்காளி வீடுன்னு பேருதான், கோதண்டபாணி அண்ணா நம்மாத்துப் படி ஏறறதே கோவில் முறை மாறற அன்னிக்குத்தான். மங்கை, அண்ணாவுக்குக் காபி கொண்டா.

செல்லுல கூப்பிடறேளா? வேண்டாம்ணா. மடி வஸ்திரத்தோட போனவன் செல்ல எடுத்துண்டா போவான்? விடுங்கோ.

தெரியும், தெரியும். ஸ்ரீகர் கையிலதான் சாவியக் குடுக்கணும். நான் வாங்கி என்ன பண்ண? திருமஞ்சனக் குடத்தத் தூக்கினா என் தோள் ரெண்டு நாளைக்குப் பேச மாட்டேங்கறது. அதனாலதானே போன முறையிலேர்ந்து என் எடத்துல அவன நிறுத்தினேன். ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு மாசம் பூரா கைங்கர்யம் பண்ணிட்டுப் போனான். மாலை சாத்தற அழகப் பாத்துட்டு, ஆராவமுதா, உன் புள்ள உன்னையே மிஞ்சிட்டாண்டான்னு நீங்களே சொன்னேள். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, சந்தோஷத்துல.

அவனுக்குக் கடல்ல வேலைன்னு யாரு சொன்னா? தேரடியில பூக் கட்டற அம்சாவா? அவளுக்கு என்னண்ணா தெரியும். இருங்கோ, நானே சொல்றேன் அவன் வேலை என்னன்னு.

மெட்ராஸ்ல சர்க்கார் ஆபீஸ். கடலுக்குன்னே ஒரு ஆபீஸ். நீங்க சிரிக்கறேள், நானும் மொதல்ல சிரிச்சேன். ரோட்டுக்கு ஆபீஸ் உண்டு, ரேஷனுக்கு உண்டு, கடலுக்கு எதுக்குடான்னேன். அவன் விடல. உப்பு ஜலத்தக் குடிக்கற ஜலமா மாத்தறா, மீன் எந்தப் பக்கம் கூடறதுன்னு பாத்து போட்டுக்காராளுக்குச் சொல்றா, டீசல் வீணாப் போகாதாம். குஞ்சு மீன வாரப்படாது, கடல்லேர்ந்து எடுத்துண்டே இருந்தா ஒரு நாள் காலியாயிடும்ப்பான்னான். கோவில் நெலத்துல விளைச்சல எடுத்துக்கோ, நெலத்த விக்காதேன்னு சொல்றேளே, அதேதான்ப்பா இதுவும்னான். என் வாயாலயே என்ன மடக்கிட்டான்.

இதெல்லாம் பக்கத்து ரூம்காராளோட வேலை. இவனுது மிதவை. மஞ்சக் கலர்ல, தேர்ச் சக்கரத்தவிடப் பெரிசு. நடுக்கடல்ல சங்கிலி போட்டுக் கட்டிடுவா. காத்து, அலை எல்லாத்தையும் அளந்து கரைக்கு அனுப்பிண்டே இருக்கும். அந்தப் பெரிய அலை வந்துதே, அதுக்கப்பறம் சர்க்காரே முழிச்சுண்டு நெறையப் பணம் ஒதுக்கிடுத்து. இப்போ கடலுக்கு அடியில, மண்ணு மேல ஒரு பொட்டிய இறக்கறா. அந்த மாதிரி அலை கிளம்பினா பொட்டிக்குத் தெரியும். அது மிதவைக்குச் சொல்லும், மிதவை கரைக்குச் சொல்லும். பொட்டிக்குள்ள இருக்கற சமாசாரம் நம்ம பையன் கைவேலைண்ணா. சின்னக் காஞ்சிபுரத்துல பொறந்து, மழை பெஞ்சா தெருவுல நிக்கற ஜலத்தத் தவிர வேற ஜலம் பாக்காத பையன்.

கரையிலதான் வேலை. ஆமாம், கரையில. ஏஸி ரூம்ல. போன வாரம் சந்நிதியில நீங்க கேட்டப்போ அப்படித்தானே சொன்னேன். கையில தீர்த்தம் இருந்துது. நீங்க குடுத்தத உள்ளங்கையில ஏந்திண்டேதான் சொன்னேன்.

காபி ஆறிப் போறது, சாப்பிடுங்கோ.

விதிய நான் மறக்கல அண்ணா. சாவி வாங்கறவன் சந்நிதி வாசல்ல நின்னு, எங்காத்துல கடல் தாண்டினவா இல்லன்னு வாயால சொல்லணும். தாண்டினா அந்த வீட்டுக்கு அதோட முறை போச்சு, திரும்பி வராது. ரங்கூன் போன சின்னத் தாத்தா வீட்டுக்கு என்னாச்சுன்னு தெரியாதா? அவா வம்சம் இன்னும் பிரசாத வரிசையிலதானே நிக்கறா. கரை கண்ணுக்குத் தெரியற தூரம் வரைக்கும் தோஷமில்லன்னு நீங்க ஒரு சமாதானம் சொல்வேள். ஸ்ரீகர்ட்ட அத சொன்னேன். பைனாகுலர் வெச்சுண்டு பாத்தா தெரிஞ்சா போறுமாப்பான்னு கேக்கறான். கடன்காரன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்கோ. மாசி மகத்துக்கு நம்ம பெருமாளே கடலுக்குப் போறார். பாற்கடல்லயே படுத்துண்டிருக்கறவர். அவருக்கு இல்லாத தோஷமா? சரி, சரி. நான் வாதத்துக்குச் சொல்லல.

வேலாயுதத்த ஞாபகமிருக்கா? கடற்கரையில பெருமாளுக்குத் தோள் குடுப்பானே, கறுப்பா, நெட்டையா. வருஷா வருஷம் அவன் பின்னாடியே ரெண்டு பசங்களும் ஓடி வரும். அலைக்கு அப்பறம் வந்த மாசி மகத்துல நீங்க பந்தல்லயே இருந்துட்டேள். நான் பெருமாளோட ஜலத்துகிட்டப் போனேன். அவன் மட்டும் வந்தான். பரிவட்டம் கட்டினேன். குனிஞ்சவன் நிமிரவே இல்ல. சாமி, உம் புள்ள கடல் படிப்பு படிச்சிக்கினு இருக்குதாமே, அல வர்றது முன்னாடியே தெரியுமாமே, ஒருத்தர் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் தூக்கிக்கினு மேட்டுக்கு ஓடியிருப்பேனேன்னான். சண்டையாக் கேக்கலண்ணா. ஏதோ விலாசம் விசாரிக்கற மாதிரி கேட்டான். அதத்தான் என்னால தாங்க முடியல.

அப்போ இந்தப் பொட்டியெல்லாம் கிடையாதுதான். யாராலயும் சொல்லியிருக்க முடியாது. ஸ்ரீகரும் அதையேதான் சொன்னான். ஆனா இப்போ இருக்கே.

போன முறை நடந்துண்டிருந்தப்போ கப்பல் கிளம்பித்து. பொட்டிய இறக்க இவனத்தான் கூப்பிட்டா. நாந்தான் விடல. பெருமாளத் தனியா விட்டுட்டுப் போவியாடான்னேன். அவன் குடத்தத் தூக்கிண்டு கிணத்தடிக்குப் போயிட்டான். வேற யாரோ போய் இறக்கினா. பண்ணினவன் பக்கத்துல இல்லாம, எதையோ சரியாப் பொருத்தல. கொஞ்ச நாள் சேதி சொல்லித்து, அப்பறம் நின்னு போயிடுத்து. கடலுக்கு அடியில ஊமையாக் கிடக்காம். இவன் அதச் சொல்றச்சே என் மேல ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. தட்டுல சாதத்தப் பெசைஞ்சுண்டே இருந்தான், சாப்பிடல. வேலாயுதத்துக்குப் போன வருஷம் இன்னொரு கொழந்தை பொறந்திருக்கு அண்ணா. பொண்ணு. அதே கரையில, அதே குடிசைதான். எனக்குக் கண்ண மூடினா அதுதான் வரது. நான் பெருமாளுக்கு ஆள் வேணும்னு பிடிச்சு நிறுத்தினேனா, இல்ல நம்மாத்து முறை போயிடப்படாதுன்னு நிறுத்தினேனான்னு கேட்டுண்டே இருக்கேன். விளக்கேத்தறச்சே, மணி அடிக்கறச்சே, எப்பவும்.

என்ன மணி? ஒம்போது தாண்டிடுத்தா?

நன்னாப் பாருங்கோ. தாண்டிடுத்தோன்னோ?

குளத்துல இல்லண்ணா அவன். விடியறதுக்கு முன்னாடி மெட்ராஸ் பஸ்ஸுல நாந்தான் ஏத்தி விட்டேன். ஒம்போதுக்கு ஹார்பர்லேர்ந்து கப்பல். இன்னொரு பொட்டி பண்ணியிருக்கா, இறக்கிட்டு வரப் பதினஞ்சு நாள் ஆகும், அந்தமான் பக்கம். கரையெல்லாம் எந்தக் கண்ணாடி வெச்சாலும் தெரியாது. அவனாக் கேக்கலண்ணா, நாந்தான் போடான்னேன். முறை போயிடுமேப்பான்னு படியிலேர்ந்து ரெண்டு தடவை இறங்கிட்டான். பைய உள்ள தூக்கிப் போட்டு, முதுகுல கை வெச்சுத் தள்ளினேன். நீங்க போன் பண்ணித் திரும்பி வாடான்னா வந்துடுவான். பெரியப்பா வார்த்தையத் தட்ட மாட்டான். அதான் உங்களப் பேச்சுலயே உக்கார வெச்சேன். தப்புதான். உங்ககிட்டப் பண்ணினது தப்பு. சந்நிதியில தீர்த்தத்தக் கையில வெச்சுண்டு சொன்னது அதவிடப் பெரிய தப்பு, அதுக்கு என்ன பிராயச்சித்தம்னு எனக்குத் தெரியல.

வேண்டாம், சாவிய என்கிட்ட நீட்டாதீங்கோ. கப்பல் போனது யாருக்கும் தெரியாது, நீ சொல்லிட்டு வாங்கிக்கோடாங்கறேளா? உங்க மனசு பெரிசு அண்ணா, நான் எதிர்பாக்கல. ஆனா அதே சந்நிதியில இன்னொரு தடவை பொய் சொல்ல என்னால ஆகாது. எழுந்திருங்கோ, நாழியாறது, பெருமாள் காத்துண்டிருப்பார். நீங்களே போய் நடையத் திறங்கோ. நானும் மங்கையும் பின்னாடியே வரோம். கம்பிக்கு வெளியில எல்லாரோடயும் நின்னு சேவிச்சுக்கறோம். அங்கேர்ந்து அவர் முகம் எப்படித் தெரியும்னு நான் இத்தனை வருஷத்துல பாத்ததே இல்ல.