தொந்தியப்பனின் குரல்

தேநீர் நன்றாக இருந்தது, ஆய்வாளர் அவர்களே. இஞ்சியைச் சற்று முன்னதாகத் தட்டிப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். குறை சொல்வதாக எண்ண வேண்டாம். செம்மையாக அமைய வேண்டியது அமையாதபோது எடுத்துச் சொல்லிவிடுவது என் இயல்பு. மார்ட்டின் இறந்ததும் ஏறக்குறைய அந்த இயல்பினால்தான்.

நீங்கள் மேற்கு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்றார்கள். ஆகையால் எங்கள் கழிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் மரக்காணத்து உப்பளம் பாத்தி பாத்தியாகத் தெரியும். வரப்பின்மேல் எவரும் நடந்துபோகலாம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தியும் வரப்பும் உவர்நீர் இறைக்கும் பெருங்குழிகளும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். நெடுஞ்சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி எங்கள் குடியிருப்புக்குக் குறுக்கே வருகிறவர்களுக்காக, மூழ்கிய வரப்பு நெடுகச் சவுக்குக் கழிகளை நட்டு வைப்போம். கழியை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. கழி நடுகிற பொறுப்பை ஊர்கூடி ஒருவனிடம் ஒப்படைக்கும். அவன் நட்டபின் வேறொருவர் அதைத் தொடுவதில்லை. பங்காளிச் சண்டையில் வைக்கோற்போரைக் கொளுத்துகிறவர்கள்கூடக் கழியைத் தொடுவதில்லை. உப்பள மேற்பார்வையாளனாகவும், மாலைப் பூசையில் இறைவன் முன் பதிகம் பாடுகிறவனாகவும் இருந்ததால் அந்தப் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருந்தது. ஊரார் என்னைப் பாட்டு ஐயா என்பார்கள்.

மார்ட்டின் எங்களுக்கு எதிர்வீடு. ஆரோவில்லில் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்த்தான். அவன் தாய் இன்னாசியம்மாள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பலகாரம் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும். மதத்தின்பேரில் எனக்கு அவனிடம் மனவேறுபாடு இருந்தது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இறைவனை எந்த மொழியில் அழைத்தாலும் எனக்கு உடன்பாடே. அழைக்கிற மொழி பழுதில்லாமல் இருந்தால் போதும்.

ஆழிப்பேரலை வந்துபோன மறு ஆண்டு, நிவாரணப் பணத்தில் எங்களுக்கு ஒரு சமுதாயக் கூடம் கட்டி, அதில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வைத்தார்கள். அந்த ஆடியில் மார்ட்டின் சில குறுந்தகடுகள் கொண்டுவந்தான். பட்டறையில் அவனோடு வேலை செய்த ஜப்பானிய அம்மையார் கொடுத்தவை. துப்பறிவாளன் ஒருவனைப் பற்றிய வேடிக்கைக் கார்ட்டூன் தொடர். பெருந்தொந்தி, தலையில் சிமிழளவு தொப்பி, உடன் ஒரு வாத்து. தடயத்தைத் தேடுகிறேன் என்று அதன்மேலேயே வழுக்கி விழுவான். விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். எல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்தது. எங்களுக்குப் புரியாது, மார்ட்டினுக்கும் புரியாது. அவன் ஒலியை அடைத்துவிட்டுப் பெட்டியருகே நின்று, படத்துக்குத் தக்கபடி தானே கதை கட்டி எல்லோருடைய பேச்சையும் பேசினான். துப்பறிவாளனுக்குத் தொந்தியப்பன் என்று பெயர் வைத்தான்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கூடம் நிறைந்திருந்தது. என் மனைவி கமலாம்பாள் வற்புறுத்தியதால் நானும் போயிருந்தேன். படம் முடிந்ததும் மார்ட்டின் எழுந்து, முதன்முதலாகப் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியது என்று அந்த அம்மையார் கேட்டு வரச் சொன்னதாகச் சொன்னான்.

"மனசுல பட்டத அப்டியே சொல்லுங்க. பொய் சொன்னா வாத்து கடிக்கும்" என்றான்.

உப்பளக் கூலி இருசப்பன் முதலில் வாய்திறந்தார். "கண்ணு ரெண்டும் இட்லி சைசுல வச்சிருக்கான், எதிர்ல நிக்கிற திருடன் தெரியலயே. நம்ம ஊரு போலீசு மாதிரியே கீறான்பா."

மன்னியுங்கள், அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னாடா அவ்ளோண்டு பாவாடை? ஜப்பான்ல துணிக்கடையே கெடையாதா?" என்றாள் மீன் விற்கும் வசந்தா.

"வாத்துக்குத்தான் மூளை இருக்குது. அதயே இன்ஸ்பெக்டர் ஆக்கிடு மார்ட்டினு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பிறகு இன்னாசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அடப் பாவி, எனக்கு மொதல்ல இருந்தே ஒண்ணுதான்டா தோணுச்சு. அந்தத் தொந்திக்காரன் பேசறது அச்சு அசல் நம்ம பாட்டு ஐயா மாதிரியே இருக்குது."

கூடம் முழுதும் சிரித்தது. நானும் அப்போதுதான் உணர்ந்தேன். 'அன்பர்காள், அடியேன் ஐயுறுவது யாதெனில்' என்று அவன் இழுத்த இழுப்பு என்னுடையது. சொல்லின் இடையே மூச்சு விடுகிற இடமும், சீர் பிரிக்கையில் வலக்கை எழுகிற விதமும் என்னுடையவை. என் அருகே கமலாம்பாள் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஏதோ என்று பதறினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மணமாகி வந்த நாள்முதல் அவள் அவ்வாறு சிரித்து நான் கண்டதில்லை.

மார்ட்டின் என்னிடம் வந்து, "ஐயா, நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்றான்.

"நன்று. உச்சரிப்பில் பிழையில்லை" என்றேன். உண்மையும் அதுவே.

மறுநாள் அவனை அழைத்து, வேறு குரல் வைத்துக்கொள்ளுமாறு சொன்னேன்.

"கோச்சிக்காதீங்க ஐயா. உங்க குரலாலதான் அது ஓடுது. புள்ளைங்க தெருவுல 'அடியேன் ஐயுறுகிறேன்'னு பேசுதுங்க பாத்தீங்களா? அவ்ளோ நல்ல தமிழுக்கு நான் எங்க போறது? ஒண்ணு பண்ணலாம். நீங்களே வந்து பேசிடுங்க. நான் வாத்துக்குப் பேசிக்கறேன்."

இறைவனைப் பாடிய நாவினால் கேலிப் பொம்மைக்குப் பேசமாட்டேன் என்று மறுத்துவிட்டேன். அவன் மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன்; ஆயினும் அவன் கேட்கவில்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள்.

நான் பொறுத்துப் போனேன். ஞாயிறுதோறும் கமலாம்பாள் சீக்கிரமாகச் சமைத்து முடித்துவிட்டுக் கூடத்துக்குப் போவாள்; திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருக்கும். நான் எதிர்ப்பட்டால் வாயை மூடிக்கொள்வாள். அதையும் பொறுத்தேன். ஐப்பசியில் ஒரு பிரதோஷத்தன்று கோயிலில் பாடிக்கொண்டிருந்தேன். திருமேனியில் நீறு துலங்கும் அழகைச் சொல்லும் பாட்டு. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி வலக்கையை எடுத்தபோது பின்னால் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அதட்ட வேண்டிய பெரியவர்களின் உதடுகளும் கோணியிருந்தன. கைகூப்பி நின்ற ஒருத்தி கண்களை இறுக மூடி அடக்கிக்கொண்டிருந்தாள். அவர்களின் செவியில் தொந்தியப்பன் பாடிக்கொண்டிருந்தான். நான் பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். என் வாழ்நாளில் அதற்குமுன் நிறுத்தியதில்லை.

இறைவனுக்கு அளிக்க என்னிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதை ஒருவன் எடுத்துக்கொண்டான். அவன் இருக்கும்வரை அது திரும்பாது. இதில் சினம் இல்லை. ஓலையில் பிழைபட்ட எழுத்தைச் சுரண்டிவிட்டு நேர்செய்பவனுக்கு அந்த எழுத்தின்மீது சினம் இருக்குமா?

கார்த்திகை பிறந்து, மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை. மார்ட்டின் சனிக்கிழமைகளில் புதுத் தகடு வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் திரும்புவான். பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் கடந்து வரும்வரை காத்திருந்தேன். பிறகு வரப்பு வளைகிற இடத்தில் மூன்று கழிகளைப் பிடுங்கி, வளைவுக்குப் பதில் நேராக, பெருங்குழியை நோக்கிச் செல்லும்படி நட்டேன். கடைசிக் கழிக்கு அப்பால் குழி. அதன் அடிச்சேறு காலைப் பற்றினால் நீந்தத் தெரிந்தவனையும் விடாது. நெடுஞ்சாலை ஓரம் போய் நின்று, கடக்க வந்த வசந்தாவையும் இன்னொரு பெண்ணையும், பாதையில் நீரோட்டம் மிகுதி, தார்ச்சாலை வழியே சுற்றிப் போங்கள் என்று திருப்பி அனுப்பினேன். "நீங்க இல்லன்னா எங்க கதி இன்னா ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள் வசந்தா. எவருக்கும் தீங்கு நேரக்கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்கு அவளே சாட்சி.

மார்ட்டினின் பேருந்து வரும் நேரம் நெருங்கியதும் மறுகரைக்குப் போய், உப்பு அள்ளும் கொட்டகையோரம் நின்றேன். அவன் பாலித்தீனில் சுற்றிய தகடுகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கழியை இடக்கைப் பக்கம் விட்டு, தண்ணீரைப் பாராமல் நடந்து வந்தான். பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. கழிகளை நட்டவன் நான் என்று அவனுக்குத் தெரியும். தொந்தியப்பனின் குரலில் ஏதோ வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். வசனம் பாதியில் நின்றது.

நான் அருகே சென்றேன். கழுத்தளவு நீரில் நின்று என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

"அப்பாடா, ஐயா, வந்துட்டீங்களா. கால் மாட்டிக்கிச்சு. அந்தக் கழியப் புடுங்கி நீட்டுங்க."

அசையாமல் இரு, அசைந்தால் சேறு இழுக்கும் என்றேன். அதுவும் உண்மையே. பிறகு, கோயிலில் நின்றுபோன பாட்டை நின்ற இடத்திலிருந்து தொடங்கினேன். வெட்டவெளியில் குரல் நன்றாக எழுந்தது. சிரிப்பதற்கு எவரும் இல்லை.

"ஐயா, பாட்டு அப்பறம் பாடிக்கலாம். கை குடுங்க. ஐயா. அம்மா தனியா இருக்குது ஐயா."

பதிகத்தின் நடுவே பேச்சுக் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. கடைக்காப்பான இறுதிப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுப் பார்த்தபோது நீர் அமைதியாக இருந்தது. தகட்டுக் கட்டு மிதந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, கழிகளைப் பிடுங்கிப் பழைய இடங்களில் நட்டேன். ஞாயிறு காலையில் பிள்ளைகள் பூசைக்குப் போக வேண்டும் அல்லவா.

தேடிய கூட்டத்துக்கு நானே முன்னால் நின்றேன். பையன் ஏதோ நினைவில் கழியைத் தப்பவிட்டான் என்றார்கள். இன்னாசியம்மாள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அடக்கத்தன்று கல்லறையருகே நான் பாடிய இரங்கற்பாவைக் கேட்டுப் பங்குத்தந்தையும் கண் கலங்கினார். அது நன்கு அமைந்த பா.

முப்பதாம் நாள் பூசை முடிந்து இன்னாசியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"புள்ளைங்க கேட்டுக்கிட்டே கீதுங்க ஐயா. தண்ணியில கெடந்த தகட்டத் தொடச்சு வச்சிருக்கேன், ஓடுதாம். அவன் பேசின மாதிரி பேச உங்களாலதான் ஆவும். ஒரே ஒரு வாட்டி. அவனுக்காக."

ஒரு தாய் கேட்கும்போது மறுப்பது அறமாகாது. சென்ற ஞாயிறு பெட்டியருகே நின்றேன். திரையில் தொந்தியப்பன் ஒரு குளக்கரையில் குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாத்து. அதற்குத் தக்க கதை வேண்டும். மார்ட்டின் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றுவான். எனக்கு அது கைவராது. காரணமும் காரியமும் பொருந்த வேண்டும். ஆகவே, குளத்தில் ஒருவன் மூழ்கினான் என்றேன். அன்பர்காள், அடியேன் ஐயுறுவது யாதெனில், வழிகாட்டும் கழிகளை எவனோ இடம்பெயர்த்து, பின் மீண்டும் நட்டுவிட்டான் என்றேன். வாத்து தலையைச் சொறிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு பேரும், எனக்காக, சிரித்தார்கள். அச்சிரிப்பு ஓயக்கூடாதென்று மேலும் சொன்னேன். மறுபடி நடுகிறவன் அவசரத்தில் முன்போல் ஆழமாக ஊன்றமாட்டான். ஆகையால் தண்ணீர் முன்பு கழியில் படியவிட்ட பழைய சேற்றுக்கோடு நீர்மட்டத்துக்கு மேலே தெரியும், மூன்று கழிகளிலும், என்றேன்.

சிரிப்பு ஓரிடத்தில் நின்றது. இருசப்பன் எழுந்திருந்தார்.

"ஐயா, நம்ம வளைவுல அந்த மூணு கழியும் அப்டித்தான் இருந்துச்சு. தேடப் போன அன்னிக்கே பாத்தேன். மழைல மண்ணு கரைஞ்சிருக்கும்னு உட்டுட்டேன். அது உங்களுக்கு எப்டித் தெரியும்?"

கமலாம்பாள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, முடிவைக் கேட்காமலேயே வெளியே போனாள். உங்களிடம் நேராக வந்தவள் அவள்தான் என்று அறிகிறேன். கதையின் உச்சியில் எழுந்து போவது முறையன்று. ஆயினும் அவள்மீது எனக்கு வருத்தமில்லை.

ஆக, கழிகளை நகர்த்தியவன் நான். கை நீட்டாமல் நின்றவனும் நான். மொழியின் மாண்புக்காகவும் இறைவன் சந்நிதியின் தூய்மைக்காகவும் செய்தேன். வேறு நோக்கம் எனக்கு இல்லை. இதை இவ்வாறே எழுதுங்கள், கையொப்பமிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. வாசலில் நிற்கும் உங்கள் காவலர் அன்று கூடத்தின் பின்வரிசையில் இருந்தாராம். மார்ட்டின் பேசிய நாட்களிலும் வந்திருக்கிறாராம். அவரைச் சற்று அழையுங்கள். தொந்தியப்பனுக்கு எவர் குரல் பொருந்தியது, அவனுடையதா, என்னுடையதா? யோசிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மனத்தில் முதலில் பட்டதை அப்படியே சொன்னால் போதும்.